மூட்டையில் எழுதியிருக்கும் புரதமும் பன்றிக்குச் சேரும் புரதமும்: சுங்கை சிப்புட் தீவனச் சோதனைக் கூடம் பற்றி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பன்றித் தீவனம் கலந்து விற்கிறவர்களும் பண்ணைக்காரர்களும் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "அந்தச் சோதனைக் கூடத்துக்குக் கொடுக்கிற காசு தகுமா அக்கா?" தகும். அங்கே செய்யும் இரு கட்ட நொதிச் சோதனைக்குக் கட்டாயம் தகும். சோயாப் புண்ணாக்குக்குச் செய்யும் காரச் சோதனைக்கும் தகும். மீன்தூளுக்குப் பெப்சின் (இரைப்பையில் புரதத்தை உடைக்கும் நொதி) சோதனை கேட்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் பார்க்க அழகான ஓர் எண் கிடைக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கூடம் இருப்பது ஜாலான் லிந்தாங் பக்கம், கீழே லாரி டயர்க் கடை உள்ள மாடிக் கடைவீட்டில். படி ஏறும்போதே அமில வாடை வரும். முன்னறையில் ஒரு மேசை, சுவரில் விலைப்பட்டியல், அதன் பக்கத்தில் அங்கீகாரச் சான்றிதழ். பொறுப்பில் இருக்கும் தம்பி வேதியியல் படித்தவர், நம் தோட்டத்துப் பிள்ளை. தமிழில் கேட்டால் தமிழில் விளக்குவார். சீன முதலாளிமார்களான தவுக்கேமார்கள் வந்தால் அவர்கள் மொழியிலும் தடையில்லாமல் பேசுவார். உதவிக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். எந்தக் கேள்விக்கும் முகம் சுளித்ததில்லை.

நானும் என் கணவரும் சிறிய தீவன ஆலை ஒன்று நடத்துகிறோம். சோளம், சோயாப் புண்ணாக்கு, செம்பனைப் புண்ணாக்கு, தவிடு, மீன்தூள் எல்லாவற்றையும் வாங்கி அரைத்துக் கலந்து ஈப்போ வட்டாரத்துப் பண்ணைகளுக்கு அனுப்புகிறோம். கலப்பது அவர் வேலை, வாங்குவது என் வேலை. சோளமும் சோயாவும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகின்றன. நாணய மாற்று விலை ஏறினால் மூட்டை விலையும் ஏறுகிறது. பண்ணை நடத்துகிறவருக்குத் தீவனச் செலவுதான் மொத்தச் செலவில் பாதிக்கு மேல். ஆகவே நான் வாங்கும் புரதத்தில் எவ்வளவு பன்றியின் உடம்பில் சேர்கிறது, எவ்வளவு சாணத்தோடு போகிறது என்பது எனக்கு வெறும் ஆய்வக விஷயமாக இருக்க முடியாது.

என் மாமனார் காலத்தில் இந்தக் கவலை இல்லை. தோட்டத்து லயத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று பன்றி வளர்த்தார்கள். மரவள்ளிக் கிழங்கும் கங்கோங் கீரையும் வேகவைத்து, கழனித் தண்ணீரோடு ஊற்றினார்கள். வளர்ந்தபோது வளர்ந்தது. 1998இல் ஈப்போ பக்கம் தொடங்கி மறு ஆண்டு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை போன நிப்பாக் காய்ச்சல் நூற்றுக்கும் மேற்பட்ட மனித உயிர்களைக் கொண்டுபோனது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளை அழித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் யாரும் பன்றிக்குட்டி வாங்கவில்லை. இப்போது எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் வளர்க்கிறவர்கள் எல்லோரும் பண்ணைக்காரர்கள், அவர்கள் போடுவது எல்லாம் விலைக்கு வாங்கிய தீவனம்.

தீவன வியாபாரத்தில் எல்லோர் வாயிலும் இருக்கும் எண் கச்சாப் புரதம். மூட்டையில் அச்சிட்டிருப்பது அது, விலை பேசுவதும் அதை வைத்துத்தான். 1883ஆம் ஆண்டு டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோஹான் கெல்டால் வகுத்துக் கொடுத்த முறையில்தான் இன்றும் பெரும்பாலான கூடங்கள் அதை அளக்கின்றன. மாதிரியைக் கொதிக்கும் கந்தக அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றி அளக்கிறார்கள். புரதத்தில் சராசரியாக 16 சதம் நைட்ரஜன் இருப்பதால், கிடைத்த அளவை 6.25ஆல் பெருக்கிக் கச்சாப் புரதம் என்று எழுதுகிறார்கள். பெரிய கூடங்களில் மாதிரியை எரித்து நைட்ரஜன் வாயுவை அளக்கும் டூமா முறை வந்துவிட்டது. அமிலம் வேண்டாம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் இரண்டும் கணக்கெடுப்பது நைட்ரஜனைத்தான். அது எதிலிருந்து வந்தது என்று இரண்டுக்கும் தெரியாது.

யூரியாவில் 46 சதம் நைட்ரஜன். 6.25ஆல் பெருக்கிப் பாருங்கள், 287.5 சதம் "புரதம்" வரும். ஒரு டன் மீன்தூளில் பத்துக் கிலோவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பத்துக் கிலோ யூரியாவைப் போட்டால், கச்சாப் புரதம் இரண்டு புள்ளிக்கு மேல் ஏறிவிடும். சீனாவில் 2008இல் குழந்தைகளின் பால்மாவில் மெலமைன் கலந்து விற்றார்களே, அதற்கும் அடிப்படை இதே கணக்குதான். கலப்படமே இல்லாத பொருளிலும் இந்த எண் கண்ணைக் கட்டும். கோழி இறகில் கச்சாப் புரதம் 80 சதத்துக்கு மேல். ஆனால் இறகின் கெராட்டினைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நீராவி அழுத்தத்தில் நன்றாகச் சமைத்து உடைக்காமல் போட்டால், தின்றது தின்றபடியே பின்பக்கம் வந்துவிடும்.

இதற்காகத்தான் அந்தப் படி ஏற வேண்டியிருக்கிறது.

அங்கே செய்யும் இரு கட்டச் சோதனை, போய்சனும் ஃபெர்னாண்டஸும் டென்மார்க்கில் 1995இல் வெளியிட்ட முறை. பன்றியின் இரைப்பையையும் சிறுகுடலையும் ஒரு கூம்புக் குடுவைக்குள் நடத்திக் காட்டுவது. உள்ளறைக்கு வெளியே கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. அங்கே நின்று பார்க்க அனுமதிக்கிறார்கள். நான் நின்று பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு அசைவையும்.

முதலில் மாதிரியை ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் விழும்படி அரைக்கிறார்கள். இதில் தம்பி கண்டிப்பானவர். அரைபடாத செம்பனை ஓட்டுத் துகளைச் சல்லடைமேல் விட்டுத் தட்டிவிடுவதில்லை, அதையும் சேர்த்து மறுபடி அரைக்கிறார். ஓட்டை ஒதுக்கிவிட்டால் புண்ணாக்கின் எண் உயரும், பன்றிக்கு ஒதுக்கித் தர யாரும் இல்லை. அரைத்ததில் சுமார் ஒரு கிராம் எடுத்து, நான்கு தசம இடம் காட்டும் தராசில், கண்ணாடிக் கதவை மூடிவிட்டு நிறுக்கிறார்கள். குடுவையில் போட்டு, கரைசல் ஊற்றி, அமிலம் விட்டு, அமில அளவை (pH, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2க்குக் கொண்டுவருகிறார்கள். இரைப்பையின் புளிப்பு அது. பிறகு பெப்சின். கிருமி வளர்ந்து கணக்கைக் கெடுக்காதிருக்க ஒரு சொட்டு எதிர்ப்பு மருந்து. அத்தனை குடுவைகளும் 39 டிகிரியில் ஆடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் போகின்றன. 39 பன்றியின் உடல் சூடு. நம் உடம்புக்குரிய 37ஐ வைத்துக்கொண்டு செய்யும் கூடத்தில் இந்தச் சோதனை கேட்காதீர்கள்.

ஆறு மணி நேரம் கழித்துக் குடுவைகளை எடுத்து, காரம் விட்டு, அமில அளவை 6.8க்கு உயர்த்துகிறார்கள். இப்போது சிறுகுடல். கணைய நொதிகளின் கலவையான பான்கிரியாட்டின் சேர்த்து மறுபடி பெட்டிக்குள். பதினெட்டு மணி நேரம். காலையில் தொடங்கியவர்கள் பிற்பகலில் இரண்டாம் கட்டத்தை ஏற்றிவிட்டுப் போனால், மறுநாள் காலையில் வடிகட்ட வருகிறார்கள். மின்சாரம் போனால் ஓட ஒரு ஜெனரேட்டர் கீழே இருக்கிறது, அதன் வாடகை விலைப்பட்டியலில் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். சேரட்டும்.

வடிகட்டுவதற்கு முன் சல்போசாலிசிலிக் அமிலம் விடுகிறார்கள். நான் நேரம் போவது தெரியாமல் நின்றது இந்த இடத்தில். தெளிவாக இருந்த நீர் பால்போல் கலங்குகிறது. கரைந்திருந்தாலும் இன்னும் துண்டாகாத பெரிய புரதங்கள் திரண்டு வெளியே வருகின்றன. வெறுமனே கரைந்ததைச் செரித்தது என்று எண்ணிவிடாமல் இருக்கத்தான் இந்தப் படி. பிறகு வெள்ளை வடிமண் பரப்பிய கண்ணாடிக் கிண்ணத்தில் வடிகட்டி, எரிசாராயத்தாலும் அசிட்டோனாலும் கழுவி, உலர்த்தி, எஞ்சிய கசடில் எவ்வளவு நைட்ரஜன் என்று கெல்டால் முறையில் பார்க்கிறார்கள். போனதிலிருந்து மிஞ்சியதைக் கழித்தால் செரித்தது. நொதியும் புரதம்தானே, அதன் நைட்ரஜன் கணக்கில் ஏறாதா என்று கேட்டேன். மாதிரி போடாமல் நொதி மட்டும் விட்ட குடுவைகளை ஒவ்வொரு தொகுதியிலும் கூடவே ஓட்டி, அந்த அளவைக் கழிக்கிறார்களாம். ஓரத்தில் வெறும் குடுவைகள் ஆடிக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் காலை குடுவைகளை வரிசையாகப் பார்த்தாலே பாதிச் செய்தி கிடைத்துவிடும். நல்ல சோயாவின் குடுவையில் மெல்லிய வெள்ளைப் படலம்தான் கிடக்கும். செம்பனைப் புண்ணாக்கின் குடுவையில் அடியில் பழுப்பு மணல் மாதிரி ஒரு விரற்கடைக்குத் தேங்கியிருக்கும்.

இந்தச் சோதனை கெல்டாலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விலை. இருந்தும் ஒவ்வொரு புதிய சரக்குக்கும் நான் கொடுக்கிறேன். கணக்கு எளிது. ஒரு மீன்தூளில் கச்சாப் புரதம் 60, செரிமானம் 90 சதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்றிக்குச் சேர்வது 54. இன்னொன்றில் புரதம் 63, செரிமானம் 78 என்றால் சேர்வது 49 சொச்சம். சந்தையில் இரண்டாவதற்குத்தான் விலை அதிகம் கேட்பார்கள்.

மீன்தூள் பற்றிச் சொல்ல வந்தேன். மீன்தூளுக்கும் இறைச்சித் தூளுக்கும் உலகமெங்கும் பழக்கத்தில் இருப்பது பெப்சின் சோதனை. கொழுப்பு நீக்கிய மாதிரியைப் பெப்சின் கலந்த அமிலத்தில் 45 டிகிரியில் பதினாறு மணி நேரம் ஆட்டுவது. பெப்சின் எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். வழக்கமான அளவு 0.2 சதம். அந்த அளவு பெப்சினில் நல்ல மீன்தூளும் கரைந்துவிடும், சுமாரானதும் கரைந்துவிடும், இரண்டுக்கும் 90க்கு மேல் எண் வந்து நிற்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் மீன் ஆய்வாளர்கள் பெப்சினை 0.0002 சதமாகக் குறைத்த டோரி முறையைக் கொண்டுவந்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் குறைந்த அளவில்தான் அளவுக்கு மீறிக் காய்ச்சிய சரக்கும் பதமான சரக்கும் பிரிந்து நிற்கும். எங்கள் ஊர்க் கூடம் இரண்டையும் செய்கிறது, ஆனால் வாய் திறந்து கேட்காவிட்டால் 0.2 சதத்தில் செய்து கொடுத்துவிடுவார்கள். விண்ணப்பத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. கையால் எழுதிக் கொடுங்கள். இதை அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

வேறோர் ஊரில், சரக்கு விற்கிறவர்களோடு சேர்ந்தே இயங்கும் ஒரு சோதனைச் சேவையிலிருந்து எனக்கு வந்த சான்றுகளில் பெப்சின் அளவே எழுதியிருக்கவில்லை. மாதத்துக்கு மாதம் சரக்கின் நிறமும் வாடையும் மாறின, எண் மட்டும் மாறவில்லை. எந்த அளவில் செய்தீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன், கடிதமும் போட்டேன். பதில் இல்லை. பெப்சின் அளவு எழுதாத சான்றை இப்போது நான் கையில் வாங்குவதே இல்லை. சரக்கு கொண்டுவருகிறவர்களுக்கும் இது தெரியும்.

ஒரு பண்ணைக்கார அம்மா மீன்தூளைத் தானே நேரடியாக வாங்கிக் குட்டிகளுக்குப் போட்டார். குட்டிகள் தின்றன, எடை ஏறவில்லை, சாணம் இளகிப் போனது. நோயா என்று மருத்துவர் வந்து பார்த்துவிட்டு நோயில்லை என்றார். எஞ்சிய மூட்டையிலிருந்து மாதிரி எடுத்துக்கொண்டு இருவரும் கூடத்துக்குப் போனோம். கச்சாப் புரதம் மூட்டையில் எழுதியபடியே இருந்தது. இரு கட்டச் சோதனையில் அது நான் வாங்கும் சரக்கைவிட வெகுவாகக் கீழே நின்றது. விற்றவரிடம் அந்தத் தாளைக் காட்டி மீதி மூட்டைகளைத் திருப்பினார். செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போய் அழுகுவதால்தான் பால் மறந்த குட்டிகளுக்கு வயிறு இளகுகிறது என்பதைத் தம்பி அவருக்கு அவர் மொழியிலேயே பொறுமையாகச் சொன்னார். சான்றோடு இப்படி ஒரு விளக்கமும் கிடைப்பதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

சோயாவுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். பச்சைச் சோயாவில், புரதத்தை உடைக்கும் டிரிப்சின் என்ற குடல் நொதியைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்தால் அது அழியும், அதிகம் வேகவைத்தால் லைசின் என்ற அமினோ அமிலம் கெடும். 1917லேயே எலிகளுக்கு வேகவைத்த சோயாவைக் கொடுத்து வளர்ச்சி கூடுவதைக் கண்டார்கள். வேக்காடு போதுமா என்பதற்கு யூரியேஸ் சோதனை: யூரியேஸ் பச்சைச் சோயாவில் இருந்து, வேகும்போது அழிகிற நொதி. சிவப்பு காட்டும் யூரியாக் கரைசலைத் தட்டில் பரப்பிய புண்ணாக்கின்மேல் ஊற்றினால் சில நிமிடங்களில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள் பூக்கும். தட்டில் கால்வாசி வரை புள்ளி என்றால் சரி. பாதிக்கு மேல் சிவந்தால் இன்னும் வேக வேண்டும். ஒரு புள்ளிகூட இல்லையென்றால் அளவுக்கு மீறி வெந்திருக்கலாம், ஆனால் எவ்வளவு மீறியது என்று இந்தச் சோதனை சொல்லாது. அதற்குத்தான் காரச் சோதனை: 0.2 சதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 20 நிமிடம் கலக்கி, எத்தனை சதம் புரதம் கரைகிறது என்று பார்ப்பது. 78க்கும் 85க்கும் நடுவில் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். 70க்குக் கீழே போனால் கருக்கிவிட்டார்கள். காலையில் கொடுத்தால் மதியத்துக்குள் எண் கிடைக்கிறது, லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டே முடிவெடுக்கலாம். பேராக்கில் சோயா வாங்கும் எல்லோரும் செய்துகொள்ள வேண்டிய சோதனை இது. கூடத்தில் மிக மலிவானதும் இதுவே.

பத்தே நிமிடத்தில் முடியும் இன்னொரு விரைவுச் சோதனையை முகப்பில் இருக்கும் பெண் தானாகவே சிபாரிசு செய்கிறார். டிரிப்சின் முதலான நொதிகளை விட்டு, புரதம் உடையும்போது அமில அளவு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துச் செரிமானத்தைக் கணிப்பது. 1977இல் மனித உணவுக்காக வந்த முறை. சோயாவுக்கும் தவிட்டுக்கும் ஓரளவு பரவாயில்லை. எலும்புச் சாம்பல் நிறைந்த மீன்தூளுக்கும் இறைச்சி எலும்புத் தூளுக்கும் வேண்டாம். அந்தச் சாம்பல் அமில அளவை இறங்கவிடாமல் தாங்கிப் பிடிக்கும், எண் பொய்யாகக் குறையும். தம்பியிடம் கேட்டால் இதை ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் முகப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இனி நம் ஊர்ப் பொருள். செம்பனைப் புண்ணாக்கு கப்பலில் வர வேண்டியதில்லை. ஆலையிலிருந்து சூடு ஆறுவதற்குள் லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். கச்சாப் புரதம் 14 முதல் 18 சதம் வரை. மலிவு. ஆகவே எல்லோருக்கும் அதன்மேல் ஆசை. எனக்கும் இருக்கிறது. ஆனால் இதன் புரதம் மன்னான் என்ற நாருக்குள் அடைபட்டிருக்கிறது. அதோடு எண்ணெய் பிழியும் திருகு அழுத்தியில் சூடு ஏறுகிறது. அந்தச் சூட்டில் லைசினின் ஒரு முனை சர்க்கரையோடு ஒட்டிக்கொள்கிறது. தோசையின் ஓரம் சிவப்பதும் இதே மாற்றத்தால்தான். ஒட்டிக்கொண்ட லைசின் குடலில் கரைந்தாலும் உடம்பு அதைப் புரதம் கட்டப் பயன்படுத்த முடியாது. பன்றிக்கு முதலில் தட்டுப்படுவது லைசின் என்பதால், மற்ற அமினோ அமிலங்கள் எவ்வளவு இருந்தாலும் இந்த ஒன்று குறைந்த இடத்தில் வளர்ச்சி நின்றுவிடும்.

இரு கட்டச் சோதனை எங்கே போதாது என்பதை இந்தப் பொருள் காட்டிவிடுகிறது. அது நைட்ரஜன் எவ்வளவு செரித்தது என்று சொல்லும், லைசின் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. சாதாரண அமினோ அமிலப் பகுப்பாய்வும் இங்கே கைகொடுக்காது. அந்தப் பகுப்பாய்வில் கொதிக்க வைக்கும் அமிலமே ஒட்டிய லைசினில் ஒரு பகுதியைப் பிரித்துவிடும், கெட்டுப்போனதும் நல்லதாகக் கணக்கில் ஏறிவிடும். செயல்படும் லைசினைத் தனியாக அளக்கும் முறைகள் இருக்கின்றன. 1960இல் கார்ப்பென்டர் கொடுத்த முறை ஒன்று. பின்னால் லைசினை ஹோமோஆர்ஜினினாக மாற்றி அளக்கும் முறையும் வந்தது. எங்கள் ஊர்க் கூடத்தில் இரண்டும் இல்லை. இந்தக் கூடத்தின் மிகப் பெரிய குறை என்று நான் எண்ணுவது இதுதான். செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருக்கிற கூடம் செம்பனைப் புண்ணாக்குக்கு வேண்டிய சோதனையை வைத்திருக்க வேண்டும்.

அதுவரை நிறத்தைப் பார்த்து வாங்குகிறேன். இளம் பழுப்பு வாங்குவேன். கோப்பித் தூள் நிறம் தட்டினால் லாரியைத் திருப்பிவிடுவேன்.

சோதனைக் குடுவை எதுவும் பன்றியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையான அளவீடு பன்றியில்தான் நடக்கிறது. சிறுகுடல் முடியும் இடத்தில் அறுவை செய்து டி வடிவக் குழாய் பொருத்தி, தீவனத்தில் குரோமியம் ஆக்சைடு போன்ற செரிக்காத அடையாளப் பொருள் கலந்து கொடுத்து, அங்கே வருவதைப் பிடித்து அளக்கிறார்கள். சாணத்தை அளந்தால் போதாது, ஏனென்றால் பெருங்குடலில் வாழும் கிருமிகள் மிஞ்சிய புரதத்தைத் தின்று கணக்கை மாற்றிவிடும். குடலிலிருந்தே சுரந்து வெளியேறும் புரதத்தையும் புரதமில்லாத தீவனம் கொடுத்து மதிப்பிட்டுக் கழிக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் கழகம் 2012இல் வெளியிட்ட பன்றி ஊட்ட அட்டவணையில் சோயாப் புண்ணாக்கின் லைசினுக்கு 89 சதம் அளவில் போட்டிருப்பது இப்படி வந்த எண்தான். மாதக் கணக்கில் ஆகும், பெரும் செலவு, மிருகத்துக்கும் வலி. என்னைப் போன்ற சிறு ஆலைக்காரிக்கு எட்டாது.

குடுவையில் குடலின் சுரப்பு இல்லை. ஆகவே குடுவை எண் பன்றியின் எண்ணைவிடப் பொதுவாக உயர்ந்தே நிற்கும், நார் அதிகமுள்ள பொருளில் இன்னும் விலகும். அதைத் தம்பி சான்றின் அடியிலேயே ஒரு வரியில் அச்சிட்டுத் தருகிறார். இந்த எண்ணை அட்டவணை எண்ணின் இடத்தில் வைத்துத் தீவனம் கணக்கிடாதீர்கள், ஒரே பொருளின் இரண்டு சரக்கை ஒப்பிடப் பயன்படுத்துங்கள் என்று. விற்கிற பொருளின் எல்லையைத் தானே எழுதிக் கொடுக்கும் கடை எத்தனை இருக்கிறது? அங்கீகாரமும் அப்படித்தான். சாம் (SAMM) என்ற மலேசிய ஆய்வக அங்கீகாரம் ஒவ்வொரு சோதனை முறைக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. இவர்களுக்குக் கெல்டாலுக்கு இருக்கிறது, நொதிச் சோதனைக்கு இல்லை. கேட்காமலே சொல்லிவிடுகிறார்கள்.

குறைகள் இன்னும் இரண்டு. ஒவ்வொரு மாதிரியையும் இரட்டையாக ஓட்டினாலும் சான்றில் சராசரியை மட்டும் போடுகிறார்கள். இரண்டும் எவ்வளவு நெருங்கி வந்தன என்று தெரிந்தால்தான் அந்த எண்ணின் பலம் தெரியும். கேட்டால் தருகிறார்கள், அச்சிலேயே வர வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே சோயா மாதிரியை அளவுகோலாக ஓட்டுகிறார்கள், அந்த எண்ணையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, சீனப் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் பண்ணைகளுக்குத் தீவனம் ஓடுகிற ஓட்டத்தில் கூடத்தில் வரிசை நீண்டுவிடுகிறது, சொன்ன நாளில் சான்று வராது. டிசம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.

மாதிரி எடுப்பது உங்கள் கையில். மேல் மூட்டையில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனால் எவ்வளவு நல்ல கூடமும் உங்களுக்கு உதவ முடியாது. பல மூட்டைகளில் இரும்புக் குழலைக் குத்தி எடுங்கள். எல்லாவற்றையும் விரிப்பில் குவித்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி குவித்துப் பிரியுங்கள், அரைக் கிலோ வரும்வரை. பாதியைக் கொடுத்துவிட்டுப் பாதியை முத்திரையிட்டு வீட்டில் வையுங்கள். தகராறு வந்தால் அதுதான் சாட்சி. பண்ணையிலிருந்து நேராகப் போகிறவர்கள் கீழே செருப்பை மாற்றிக்கொள்ள வேண்டும், பையின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுத்தான் வாங்குவார்கள். 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சபாவில் வந்ததிலிருந்து இந்த விதி. பல பண்ணைகளின் பைகள் ஒரே மேசையில் வந்து சேரும் இடம் அது. சிலர் இதற்குச் சலித்துக்கொள்கிறார்கள், எனக்கு இந்தக் கண்டிப்பால்தான் அங்கே போக மனம் வருகிறது.

செயல்படும் லைசின் பற்றித் தம்பியிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்குரிய கருவி இந்த ஊருக்கு இப்போதைக்கு வராது என்கிறார். ஆனால் போதுமான மாதிரிகள் சேர்ந்தால் மொத்தமாகக் கோலாலம்பூர் பக்கத்துப் பெரிய கூடத்துக்கு அனுப்பி, செலவைப் பங்கிட்டுக்கொள்ள ஏற்பாடு செய்வதாகச் சொல்லி, முகப்பில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். செம்பனைப் புண்ணாக்கு வாங்குகிறவர்கள் அடுத்த முறை மாதிரி கொடுக்கப் போகும்போது, உங்கள் பெயரையும் எந்த ஆலைச் சரக்கு என்பதையும் அதில் எழுதிவிட்டு வாருங்கள். என் பெயர் முதல் பக்கத்தில் இருக்கிறது.